உறைக்குள் கோப்பு, கோப்புக்குள் உறை

செய்முறைத் தேர்வுக்கு அட்டவணை போட்டுப் பார்க்காதவர்கள் பாக்கியவான்கள். ஒரு பிரிவு மாணவர்களுக்கு ஓர் ஆய்வகம் வேண்டும். எங்கள் கல்லூரியிலிருந்து ஓர் அகத்தேர்வாளர் வேண்டும். வேறு கல்லூரியிலிருந்து ஒரு புறத்தேர்வாளர் வேண்டும். மூன்றும் ஒரே நாளில், ஒரே வேளையில் கூடிவர வேண்டும். தொண்ணூறுகளின் கடைசியில், கோவையில் சத்தியமங்கலம் சாலையில் இருந்த ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நான் கணினித் துறைத் தலைவராக இருந்தேன். ஆண்டுக்கு இருமுறை இந்த மூன்றையும் கூட்டிவைக்கும் வேலை என் தலையில் விழும்.

இதில் எங்கள் சீமைக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. இங்கே யாரும் முகத்துக்கு நேராக 'முடியாது' என்று சொல்லமாட்டார்கள். தொலைபேசியில்கூடச் சொல்லமாட்டார்கள். புறத்தேர்வாளர்களை அழைத்துக் கேட்பது அலுவலகச் சூப்ரண்டின் வேலை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா. அவர் பேசி முடித்துத் தொலைபேசியை வைத்ததும் நான் கேட்பேன்.

"என்னுங்க, வர்றாரா?"

"பாக்கலாமுங்கன்னு சொன்னாருங்க."

"அப்படின்னா வரமாட்டாருன்னுதானே அர்த்தம்?"

"அதெப்படிங்க நாமளா சொல்றது? வர்றாருன்னே போட்டுக்கலாமுங்க. இல்லைன்னு எழுதினா பெரிய மனுசனுக்கு மரியாதையா இருக்காதுங்க."

இப்படி மரியாதைக்காக வருகிறார் என்று எழுதப்பட்டவர்களை நம்பித்தான் அட்டவணை போடுவோம். தேர்வுக்கு முந்தைய வாரம் ஒவ்வொருவராக உதிர்வார்கள். ஒருவருக்கு மைத்துனர் வீட்டுச் சீர், இன்னொருவருக்குத் தோட்டத்தில் மோட்டார் எரிந்துபோயிருக்கும். மறுபடி முதலிலிருந்து போடுவோம்.

என் துறையில் அப்போது ஒரு பெண் விரிவுரையாளர் இருந்தார். வீடு கணபதியில், முன்னால் கணவருடைய லேத் பட்டறை, பின்னால் குடித்தனம். பெற்றோர் காலம் முழுக்க அடுத்தவர் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். அந்தக் குடும்பத்தில் முதலில் பட்டம் பெற்றவர் இவர், முதுகலையும் முடித்துவிட்டார். இந்த அட்டவணையை ஒரு கணினி நிரலாக எழுதிவிடலாம் என்று முன்வந்தவர் இவர்தான். எனக்கு உற்சாகம் எதுவும் வரவில்லை. முன்வருகிறவர்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்தவன் நான். ஆனால் அவருக்கு ஒரு காரணம் இருந்தது, அது நியாயமான காரணம்.

அவர் தற்காலிகப் பணியில் இருந்தார். பணி நிரந்தரம் ஆகாதவர்கள் கோடை விடுமுறையில் விடுவிக்கப்பட்டு, ஜூனில் புதிதாகச் சேர்ந்தவர்களாகக் கருதப்படுவார்கள். செய்த வேலை, எடுத்த வகுப்பு, வாங்கிய நற்பெயர் எல்லாம் மே மாத வெயிலில் ஆவியாகிவிடும். நிரந்தரம் ஆகாதவருக்கு முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்ய ஆட்சேபமின்மைச் சான்றும் கிடைக்காது. நிரந்தரமாக்க ஒரு குழு கூட வேண்டும்: முதல்வர், நிர்வாகத் தரப்பில் ஒருவர், துறைத் தலைவரான நான், பல்கலைக்கழகப் பிரதிநிதி ஒருவர். அந்தப் பிரதிநிதி ஓய்வுபெற்ற பேராசிரியர், சத்தியமங்கலத்தில் மல்லிகைத் தோட்டம் வைத்திருந்தார். இரண்டு ஆண்டுகளாக "பாக்கலாமுங்க" என்று சொல்லி, இரண்டு ஆண்டுகளும் வரவில்லை. ஒருவர் குறைந்தால் கூட்டம் நடக்காததாகப் பொருள். வந்திருந்த மூவர் என்ன நினைத்தோம் என்பதற்கு எந்தப் பதிவும் இருக்காது. விண்ணப்பம் திரும்பிவிடும், ஜூனில் புது விண்ணப்பம்.

"அட்டவணை நல்லா ஓடுச்சுன்னா இந்தத் தடவை குழுவை நானே முன்னால நின்னு கூட்டறேன்" என்று முதல்வர் அவரிடம் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் அவர் உழைத்தார்.

நிரலை அவர் ஹாஸ்கெல் மொழியில் எழுதினார். கோவையில் அப்போது சி படித்தவர்கள் இருந்தார்கள், கோபோல் படித்து அமெரிக்கா போனவர்கள் இருந்தார்கள், ஜாவா என்று பலகை வைத்த பயிற்சி நிலையங்கள் கிராஸ்கட் ரோடு முழுக்க இருந்தன. ஹாஸ்கெலுக்குப் பலகை வைத்தவர் எவரும் இல்லை. அந்த மொழி நிரல்களை ஓட்ட ஒரு ஃப்ளாப்பியில் வந்த இன்டர்பிரட்டர், ஜெராக்ஸ் எடுத்த சில ஆய்வுக் கட்டுரைகள், அவ்வளவுதான் அவர் கையில் இருந்தவை.

எனக்கு அந்த மொழியில் பிடித்தது ஒன்றுதான். ஒரு கேள்விக்கு விடை இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்றால், அதை மறைக்க விடாது. அதற்கு 'மேபி' என்று ஒரு வகை. விடை இருந்தால் 'ஜஸ்ட்' என்ற உறையில் போட்டுக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் 'நத்திங்', வெற்று உறை. உறையைத் திறந்து பார்க்காமல் உள்ளே இருப்பதைப் பயன்படுத்த முடியாது. எங்கள் சூப்ரண்டுக்கு நேர் எதிரான குணம்.

இன்னொன்று, நிலவரத்தைக் கையோடு எடுத்துப் போவது. எந்த ஆய்வகம் யாருக்குக் கொடுத்தாயிற்று என்ற விவரம் ஒவ்வொரு படியிலும் மாறிக்கொண்டே வரும், அதைச் சுமந்து செல்ல 'ஸ்டேட்' என்று இன்னொரு வகை. இப்படி ஒரு படியை அடுத்த படியோடு கோக்கும் முறைகளுக்கு மோனாட் என்று பெயர். நமக்கோ இரண்டும் ஒருசேர வேண்டும். நிலவரமும் கூடவே வர வேண்டும், விடை இல்லாமலும் போகலாம். ஒன்றின்மேல் இன்னொன்றைப் போர்த்தித் தரும் கருவிதான் மோனாட் டிரான்ஸ்ஃபார்மர். ஸ்டேட்டுக்கு உரிய போர்வை அந்தக் கட்டுரைகளில் இருந்தது. மேபிக்கு உரியதை அவரே எழுதிக்கொண்டார்.

இதை நான் முதல்வரிடம் விளக்கப் போனது தவறு. "டிரான்ஸ்ஃபார்மரா? ஏனுங்க சார், இருக்கற டிரான்ஸ்ஃபார்மருக்கே மின்வாரியத்துக்கு நடந்து செருப்புத் தேஞ்சு போச்சு" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

ஒரு மதியம் ஆய்வகத்தில் நிரலை ஓட்டிக் காட்டினார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, திரைச்சீலையை விலக்கி, நானும் முதல்வரும் சூப்ரண்டும் உள்ளே போனோம். குளிரூட்டி இருந்த ஒரே அறை அதுதான் என்பதால் முதல்வர் வரத் தயங்கவில்லை. முதல் சில பிரிவுகளுக்கு அழகாக நாளும் இடமும் வந்தன. அப்புறம் 'ஆய்வகம் இல்லை' என்று வந்தது. அடுத்ததற்கும் அதேதான், கடைசிவரை அதேதான்.

முதல்வர் சுற்றிலும் பார்த்தார். "இதா உக்காந்திருக்கறோமே, இது ஆய்வகம் இல்லாம என்னுங்க? பக்கத்துல ரெண்டு பூட்டிக் கெடக்குது."

சூப்ரண்டு விட்டுக்கொடுக்கவில்லை. "மேடம் கம்ப்யூட்டர்ல எழுதினா நாம கையில எழுதினாப்பலயே வருதுங்க. தப்பு மட்டும் வேகமா வருதுங்க."

விரிவுரையாளர் திரையில் வந்ததைத் தாளில் குறித்துக்கொண்டார். முதல்வர் எழுந்து போகும்போது "குழுவப் பத்தி அப்பறம் பாக்கலாமுங்க" என்றார். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று அந்த அறையில் இருந்த எவருக்கும் விளக்கத் தேவையில்லை.

மறுநாள் கல்லூரிப் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் அவர் அமர்ந்திருந்தார். மடியில் தாள்கள். சரவணம்பட்டி தாண்டியதும் திரும்பினார்.

"சார், ஒண்ணு கேக்கணுமுங்க. தோத்துப்போன முயற்சிய என்ன பண்ணணும்?"

"காலையில இந்தக் கேள்விக்கெல்லாம் நான் தயாரில்ல அம்மணி."

"இல்லீங்க சார், நெசமாத்தான். ஒரு பிரிவுக்கு மொதல்ல லேப் எடுக்குது. அடுத்து அகத்தேர்வாளர எடுக்குது. அப்பறம் பாத்தா புறத்தேர்வாளர் வர்றதில்ல. நத்திங். சரின்னு அடுத்த நாளுக்குப் போகுது. ஆனா மொத நாள் எடுத்த லேப்பத் திருப்பிக் குடுக்காமயே போகுது."

அப்போது எனக்கு விளங்கியது. நடக்காத தேர்வுகளுக்கு ஆய்வகங்கள் ஒதுக்கப்பட்டு, ஒதுக்கப்பட்டவையாகவே நின்றுவிட்டன. வராத தேர்வாளர் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வகத்தைப் பூட்டிச் சாவியையும் எடுத்துப் போயிருக்கிறார். பட்டியலிலோ எல்லாரும் சூப்ரண்டின் மரியாதையால் வருகிறவர்கள். நிரலை ஓட்டிய அன்று காலைதான் பாதிப்பேர் வரமாட்டார்கள் என்று திருத்தப்பட்டிருந்தது. ஆகவே தோல்விகள் ஏராளம்.

"எதை மேல போர்த்தினீங்க?" என்று கேட்டேன்.

"மேபிய வெளியில வெச்சேன் சார். ஸ்டேட் உள்ள."

நான் அலுவலக மொழியில்தான் யோசிக்கக்கூடியவன். ஒரு பழைய தபால் உறையின் பின்பக்கம் அவருக்கு எழுதிக் காட்டினேன். நிலவரத்தைச் சுமக்கும் ஸ்டேட் ஒரு கோப்பு, மேபி ஓர் உறை. அவர் செய்தது, ஒரு கோப்பு, அதற்குள் ஓர் உறை. உறை வெறுமையாக இருக்கலாம். இருந்தாலும் கோப்பு நம் கையில் இருக்கும், அதில் எழுதியது எழுதியதுதான். போர்வையை மாற்றி, ஸ்டேட்டை வெளியிலும் மேபியை உள்ளேயும் வைத்தால், கிடைப்பது ஓர் உறை, அதற்குள் கோப்பு. உறை வெறுமை என்றால் கோப்பும் இல்லை. தோற்ற முயற்சி எழுதியதெல்லாம் அதோடு போகும். அடுத்த முயற்சி பழைய நிலவரத்திலிருந்தே தொடங்கும். பெயரைப் பார்த்தால் தலைகீழாகத் தோன்றும், வெளியில் போர்த்தியது உள்ளே போய்விடும். அந்த மொழியில் அப்படித்தான்.

"தெரியுமுங்க சார்," என்றார். "தெரிஞ்சேதான் அப்படி வெச்சேன்."

"ஏன்?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "கடைசியில ஒருத்தர் வரலீங்கறதுக்காக அதுவரைக்கும் செஞ்சதெல்லாம் இல்லைன்னு ஆகிப்போடறது எனக்குப் புடிக்கல சார்."

எழுதிக் காட்டிய தபால் உறையை அவரிடமே கொடுத்தேன்.

ஒரே வாரத்தில் மாற்றி எழுதிவிட்டார். ஒதுக்கீடு எல்லாப் பிரிவுக்கும் வந்தது, இரண்டைத் தவிர. அந்த இரண்டுக்கும் நிரல் தந்த விடை ஒரே சொல், 'நத்திங்'. முதல்வர் அதைப் பார்த்தார்.

"சரிங்க, இந்த ரெண்டுக்கும் ஏன் இல்ல?"

"தெரியாதுங்க சார். தோத்துப்போனா எல்லாமே அழிஞ்சுபோயிருமுங்க. அப்பத்தான் லேப் திரும்பக் கெடைக்குதுங்க."

"காரணம் சொல்லாம இல்லைன்னு சொல்ற வேலைய நிர்வாகம் பண்ணட்டுமுங்க. கம்ப்யூட்டர் எதுக்கு பண்ணணும்?" என்றார் முதல்வர். அவர் பேசி நான் முழுமையாக ஒப்புக்கொண்ட வாக்கியங்கள் சில உண்டு. அவற்றில் இதுவும் ஒன்று.

இரண்டு நாள் விரிவுரையாளர் ஆசிரியர் அறையில் அந்த ஜெராக்ஸ் கட்டுரைகளோடே இருந்தார். மூன்றாவது நாள் மதியம், நான் அரிசிம்பருப்பு சாதத்தைத் திறந்து வைத்திருந்தபோது வந்து நின்றார். சாப்பிடும் நேரத்தில் வருவது ஒழுங்கில்லை என்று அவருக்கும் தெரியும்.

"சார், உறை ஒண்ணுதான். கோப்பு எதுக்கு ஒண்ணு? ரெண்டு வெச்சுப்போட்டா?"

லேப் நிலவரம் ஒரு கோப்பு. அது உறைக்குள் இருக்கட்டும், தோற்றால் போகட்டும். அந்த உறையை இன்னொரு கோப்பில் வைப்போம். அந்தக் கோப்பில் ஒவ்வொரு முயற்சியும் எங்கே தோற்றது, யார் வரவில்லை என்ற குறிப்பு மட்டும். உறை வெறுமையானாலும் அந்தக் குறிப்பு நிற்கும். நிரல் மொழியில் மூன்று அடுக்கு: மேலே லேப் நிலவரம், நடுவில் மேபி, அடியில் குறிப்பு. எதை மறக்க வேண்டுமோ அதை மேபிக்கு மேலே வைக்க வேண்டும், எதை மறக்கக் கூடாதோ அதைக் கீழே.

"இத நீங்களே யோசிச்சதா?"

"கட்டுரையில இருக்குதுங்க சார். நாந்தான் லேட்டாப் படிச்சேன்."

மூன்றாம் தடவை முதல்வர் செருப்பைக் கழற்றி உள்ளே வந்தபோது, இரண்டு பிரிவுகளுக்கு இடம் இல்லை என்றும், அதற்குக் காரணமான தேர்வாளர்கள் யார் யார் என்றும் திரையில் வந்தது. சூப்ரண்டு கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். "இப்படிப் பேரோட போட்டா அவிய மனசு கஷ்டப்படுமுங்க" என்றார். ஆனால் அன்று மாலையே அவர்களை மறுபடி அழைத்தார். எங்கே தோற்றோம் என்று தெரிந்ததால், யாரைக் கெஞ்ச வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. அந்தப் பருவத்தின் செய்முறைத் தேர்வுகள் நடந்தன. நடந்தன என்பதற்கு மேல் அவற்றைப் புகழ ஒன்றும் இல்லை.

முதல்வர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஏப்ரல் கடைசியில் குழு கூடியது. காலை வெயிலிலேயே ஓடு கொதித்தது. விரிவுரையாளர் வெளியே வராந்தாவில் நாற்காலியில் அமர்ந்திருந்தார். முதல்வர், நிர்வாகத்தவர், நான். நான்காவது நாற்காலி காலி.

"நேத்துப் பேசினேனுங்க," என்றார் சூப்ரண்டு. "வந்தர்லாமுங்க, பாக்கலாமுங்கன்னாரு. வர்றாருன்னு போட்டிருக்கறேன்."

டீ வந்தது, ஆடை கட்டியது, எடுத்துப் போனார்கள். சத்தியமங்கலத்தில் அது பூ எடுக்கும் பருவம். அவர் வரமாட்டார் என்று எனக்கு டீ வருவதற்கு முன்பே தெரியும். நிர்வாகத்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முதல்வர் விரிவுரையாளரின் கோப்பை மூடினார்.

"என்னுங்க பண்றது? கூட்டம் நடக்கலைன்னு எழுதிப்போடலாம். ஜூன்ல பாக்கலாமுங்க."

எனக்கு நடைமுறைகள் தெரியும். பெருமைக்காகச் சொல்லவில்லை, அவற்றைத் தெரிந்துகொண்டதில் என் முடி நரைத்தது, வேறெதுவும் விளையவில்லை. அந்த விதிப் புத்தகத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். நால்வரும் கருத்துச் சொல்ல வேண்டும் என்று அதில் இருந்தது. ஒரே அறையில், ஒரே நாளில் சொல்ல வேண்டும் என்று இல்லை. கூட்டம் நடக்காவிட்டால் வந்தவர்களின் கருத்தைப் பதியக் கூடாது என்றும் இல்லை. பதியாமல் விடுவது வழக்கம், அவ்வளவுதான்.

"முடிவு எடுக்க முடியாது, சரிங்க," என்றேன். "அந்த உறை வெறுமையாவே இருக்கட்டும். ஆனா நாம மூணு பேரும் வந்தோம், கோப்பப் படிச்சோம், நிரந்தரம் பண்ணலாமுன்னு நெனச்சோம். அத எழுதிக் கையெழுத்துப் போட்டு வெச்சிரலாமுங்க. நாலாவது ஆளு கருத்து மட்டும் பாக்கின்னு எழுதலாம்."

"எந்த உறைங்க?" என்றார் நிர்வாகத்தவர், மேசையைப் பார்த்து.

முதல்வருக்குப் புரிந்தது. ஆய்வகக் குளிரில் மூன்று முறை உட்கார்ந்தது வீண்போகவில்லை. "அந்த ரெண்டாவது கோப்பு மாதிரிங்களா?" என்றார்.

"அதே மாதிரிதானுங்க."

"விதியில எடமிருக்குதுங்களா?"

"கூடாதுன்னு எங்கயும் இல்லீங்க. வேணுமுன்னா புஸ்தகத்தக் கொண்டுவரச் சொல்றேன்."

அந்தப் புத்தகத்தின் தடிமன் அவருக்குத் தெரியும். "வேண்டாமுங்க, எழுதச் சொல்லுங்க" என்றார்.

சூப்ரண்டு தட்டச்சு செய்தார். மூவரும் கையெழுத்திட்டோம். அடுத்த ஞாயிறு நான் பேருந்தேறிச் சத்தியமங்கலம் போனேன். அந்த வயதில் ஞாயிற்றுக்கிழமை வேறு நல்ல வேலைகள் இருந்தன, படுத்திருப்பது அவற்றில் முதன்மை. பிரதிநிதி தோட்டத்து வாசலிலேயே நின்றிருந்தார். என்னைக் கண்டதும் அவருக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி.

"வாங்க வாங்க, இந்த வெயில்ல ஏனுங்க சிரமம்? ஒரு போன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பனுங்களே."

வந்திருக்கமாட்டார். மோர் வந்தது, அப்புறம் காபி, அப்புறம் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்ற கட்டளை. சாப்பாட்டுக்குப் பின் தாளை அவர் முன் வைத்தேன். மூன்று கையெழுத்தையும் நிதானமாகப் பார்த்தார். கடைசியில் 'நான்காவது உறுப்பினரின் கருத்து மட்டும் நிலுவை' என்ற வரியையும் படித்தார்.

"எல்லாரும் போட்டுட்டாங்களாட்ட இருக்குது."

"ஆமாங்க. நீங்க வேண்டாமுன்னா வேண்டாமுன்னும் எழுதலாமுங்க. அதுக்கும் எடம் விட்டிருக்குது."

வீட்டு வாசல்வரை வந்து, இலையில் கை நனைத்தவனிடம் அப்படி எழுதித்தர அவரால் எப்படி முடியும்? தொலைபேசியிலேயே சொல்லத் தெரியாத மனிதர். "அய்யோ, அதெல்லாம் என்னுங்க பேச்சு" என்றபடி பேனாவைத் தேடினார். நான் என்னுடையதைக் கொடுத்தேன். விரிவுரையாளரின் கோப்பையும் அவர் கேட்டு வாங்கிப் பார்த்தார் என்பதைச் சொல்ல வேண்டும். நன்றாகத்தான் பார்த்தார். "நல்ல பொண்ணாட்டத் தெரியுது. ஏனுங்க இத்தன நாள் விட்டுவெச்சீங்க?" என்று என்னையே கேட்டார்.

ஒரு முழம் மல்லிகையைச் சணலில் கட்டி, வீட்டம்மாவுக்கு என்று கொடுத்தனுப்பினார். கோவை வந்து சேர்வதற்குள் பேருந்துச் சூட்டில் அது வாடிவிட்டது.

ஆணை ஜூன் முதல் வாரம் வந்தது. அந்த ஆண்டு அவர் புதிதாகச் சேர வேண்டியிருக்கவில்லை. ஆட்சேபமின்மைச் சான்றுக்கு அன்றே விண்ணப்பம் கொடுத்தார். என் அறைக்கு வந்து ஆணையை மேசையில் வைத்தார். நன்றி சொல்லத் தொடங்கினால் நான் கோப்பைப் புரட்டுவேன் என்று தெரிந்து, சொல்லாமல் நின்றார்.

சூப்ரண்டு ஒரு தாளோடு உள்ளே வந்தார்.

"மேடம், சந்தோசமுங்க. நிரந்தரமாயிட்டீங்க, இனி உங்க பேரையும் குழுவுலயெல்லாம் போட்டுக்கலாமுங்க. சனிக்கெழம இருப்புச் சரிபார்ப்புக் குழு. காலையில வந்தர்றீங்களா?"

விரிவுரையாளர் என்னைப் பார்த்தார். சனிக்கிழமை பட்டறைக்கு விடுமுறை, பிள்ளையைப் பவானியில் அம்மா வீட்டுக்கு அழைத்துப் போவதாக இருந்தார்.

"பாக்கலாமுங்க" என்றார்.

சூப்ரண்டு பையிலிருந்து பேனாவை எடுத்து, பெயருக்கு நேராக 'வருகிறார்' என்று எழுதிக்கொண்டார்.